ஐம்பத்தேழு

என் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருக்கிறது.
இரண்டு மாதத்துக்கொரு தரம் கொழும்புக்குப் போகும்.
என்மேல் எவ்வளவு கதிர் விழுந்ததென்று கடிதம் வரும்,
அநேகமாகப் பூச்சியம்.
மேசையில் படுப்பவர்களுக்குப் பட்டை கிடையாது.
அவர்களுக்கு நாம்தான் பட்டை என்று
பயிலுநர்களிடம் எட்டு வருஷமாகச் சொல்லி வந்தேன்,
கொஞ்சம் பெருமையோடுதான்.

ஓகஸ்டில் ஒரு ராத்திரி
நுவரெலியா முழுக்கக் கரண்ட் போய் வந்தது.
ஸ்கேன் இயந்திரம் எழும்பியபோது
தன் வழமையான அளவுகளோடு எழும்பியது.
இரண்டேகாலுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள்.
லயத்துப் படியில் விழுந்தவன், மூன்று தரம் சத்தி.
சதுர்ஷன், ஐந்து வயது,
ஒரு காலில் மட்டும் சொக்ஸ்.

படம் தேவைதான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.
ஈய அங்கியைத் தாய்க்கு மாட்டிவிட்டேன்.
"ஆடாமப் படுத்திருங்க, குட்டி."
ஆடவில்லை.
மூளையில் இரத்தமில்லை. டொக்டர் கட்டைவிரலைக் காட்டினார்.
நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மாதக் கடைசியில்
அளவுகளைப் பதிவேட்டில் வரிவரியாக ஏற்றும்போது
ஐம்பத்தேழு.
அவன் வயதுக்கு இருபத்தெட்டோடு நின்றிருக்கவேண்டும்.
வயதுக் கட்டத்தை மறுபடி பார்த்தேன்,
ஐம்பதை ஐந்தென்று அடித்துவிட்டேனோ என்று, ஓர் ஆசையில்.
ஐந்துதான்.
பெரியவர் தலைக்கான அளவில்
அவன் தலையை வைத்திருக்கிறேன்.
அதனால்தான் படம் அவ்வளவு துப்புரவாக இருந்தது.
இந்தத் தொழிலில்
அழகான படத்தைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

"ஒன்றும் ஆகாது" என்றாள் ருவினி.
"யாருக்கும் தெரியவும் வராது."
இரண்டும் உண்மைதான்.
தோல் சிவக்கவில்லை, தழும்பில்லை.
ஆயிரத்தில் ஏதோ ஒரு சின்னப் பங்கு
நாற்பது வருஷத்துக்கு அப்பால் எங்கோ நிற்கிறது,
நில்லாமலும் போகலாம்.
வந்தாலும் அதன் நெற்றியில் என் பெயர் இருக்காது.

கண்டியிலிருந்து பௌதிகக்காரர் வந்தார்.
என்னை ஏசவில்லை, அது இன்னும் கஷ்டமாயிருந்தது.
இப்போது இயந்திரம் எழும்பியதும்
வயதைக் கேட்டுவிட்டுத்தான் வழிவிடுகிறது.
பொத்தானுக்கு மேலே இரண்டு மொழியில் ஒட்டியிருக்கிறேன்:
வயதைப் பார்.

கிளினிக் நாள். வெளியே மூடுபனி, உள்ளே ஈரக் குடைகள்.
யோகமலர் வாங்கில் இருந்தாள்,
பையன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான்,
இரண்டு காலிலும் சொக்ஸ்.
மருத்துவ வார்த்தை எல்லாம் தயார்பண்ணி வைத்திருந்தேன்.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"அன்றைக்குக் கூடக் குடுத்துட்டேன். ரெண்டு மடங்கு.
பிழை என்னுடையது."

அவள் முந்தானையால் பையனின் வாயைத் துடைத்தாள்.
வேண்டியதைவிட நிறைய நேரம் துடைத்தாள்.
"எங்க மலையில தராசுல வெட்டுவாங்க, மிஸ்.
சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ரெண்டு.
பதினாறு எடுத்தா பன்னெண்டுன்னு எழுதி
அரைப்பேரு போடுவாங்க.
கூட்டிக் குடுத்தாங்கன்னு இப்பதான் கேள்விப்படுறேன்."
சிரித்தாளா என்று தெரியவில்லை.

"திருப்பி எடுக்க ஏலாதுதானே?"
"ஏலாது."
"புள்ளைக்கு ஒண்ணும் வராதா?"
"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.
வர்றதுக்கு இடம் ரொம்பக் குறைவு."

பையிலிருந்து கிளினிக் கொப்பியை உருவி
என் மடியில் வைத்தாள்.
"அப்ப எழுதுங்க. வெட்டாம எழுதுங்க.
நாளைக்கு வேற ஆஸ்பத்திரில படம் எடுக்கச் சொன்னா
நான் இதைக் காட்டிக் கேக்கணும்,
இது தேவையான்னு."

எழுதினேன். திகதி, தலை, ஐம்பத்தேழு மில்லிகிரே,
பக்கத்தில் இருபத்தெட்டு.
"கையெழுத்து?" என்றாள்.
போட்டேன்.
பெயரையும் தெளிவாக எழுதச் சொன்னாள்.

பிறகு அவர்கள் மருந்து வரிசையில் போய் நின்றார்கள்.
நான் உள்ளே வந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.
வயதென்ன?
எழுபத்தொன்று என்றார், பல்லில்லாத வாயால்.
இன்னொரு தரம் கேட்டேன்.